முன்பாயைச் சுருட்டும்போது…

இயன் புரோக்டர் 1957-இல் வடிவமைத்த வேஃபேரர் போன்ற சிறு பாய்மரப் படகுகளில், முன்பாயான ஜிப்பைச் சுருட்டும் கருவி எளிமையானதுதான். அணியத்தில் ஓர் உருளை, பாயின் உச்சியில் ஒரு சுழலி, உருளையிலிருந்து உங்கள் கைக்கு வரும் ஒரு கயிறு. கரை நெருங்கும்போது கயிற்றை இழுத்தால் பாய் தன்னைச் சுற்றியே சுருண்டு அடங்கும்.

அடி சுருண்டும் உச்சி சுழலாமல் முறுக்கிக்கொண்டால், முதலில் பாயை ஏற்றும் கயிற்றைப் பாருங்கள். பெரும்பாலும் அது தளர்ந்திருக்கும். விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். அப்படியும் சரியாகவில்லையா? சுழலிக்குள் உப்போ மணலோ இறுகியிருக்கலாம். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். கிரீஸ் மட்டும் வேண்டாம், மணல் அதில் அப்பிக்கொள்ளும்.

பாயை விரிக்கும்போது சுருட்டும் கயிற்றைச் சட்டென்று விட்டுவிடாதீர்கள். லேசாகப் பிடித்தபடியே விட்டால்தான் உருளையில் சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சிக்காது. பாய் முழுக்கச் சுருண்ட பிறகும், பாயின் இழுகயிறுகள் அதன்மேல் இரண்டு மூன்று சுற்று வரும் அளவுக்கு உருளையில் கயிறு மிச்சமிருக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று ஓரத்தைப் பிரித்துவிடும்.

காற்று வலுத்தால் பாதி சுருட்டி ஓட்டலாமே என்று தோன்றும். இந்த வகைக் கருவி அதற்கானதல்ல. பாயின் வடிவம் கெட்டு, படகு காற்றை எதிர்த்து ஏறாது. முழுதாக விரியுங்கள், அல்லது முழுதாகச் சுருட்டுங்கள். டிரெய்லரில் ஏற்றும் முன் ஜிப்பைக் கழற்றிவிடுங்கள்.