கணக்கு தெரியாமலே ஃபைன்மனைக் கேட்கலாம்

கணக்கு வராது என்று இயற்பியலையே ஒதுக்கி வைத்தவர்கள் நம்மில் ஏராளம். அவர்கள் தொடங்குவதற்கு ஏற்றவை, இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் 1964-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய ஏழு உரைகள். பிபிசி படம்பிடித்த இவை ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடும்.

1. வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். ஈர்ப்பு விதியைச் சொல்லும் முதல் உரையில் தொடங்குங்கள். அடுத்து ஆற்றல் அழியாமை பற்றிப் பேசும் மூன்றாவது, காலத்தின் போக்கைப் பேசும் ஐந்தாவது, குவாண்டத்துக்கான ஆறாவது. கணிதத்தைப் பற்றிய இரண்டாவது உரை கடைசியில் இருக்கட்டும்.

2. பேச்சு வேகமாக இருக்கும். சப்டைட்டிலைப் போட்டு, ஓடும் வேகத்தைச் சற்றுக் குறையுங்கள். ஒரே மூச்சில் பார்க்காமல், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள்.

3. சமன்பாடு வந்தால் மிரளாதீர்கள். எது கூடினால் எது குறைகிறது என்று மட்டும் பாருங்கள். ஈர்ப்பு விதியில், தொலைவு இரு மடங்கானால் விசை நான்கில் ஒரு பங்கு. மும்மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. இப்போதைக்கு இது போதும்.

4. விடையை முன்கூட்டியே ஊகியுங்கள். ஆறாவது உரையில் இரண்டு துளையிட்ட தடுப்பு ஒன்று வருகிறது. துப்பாக்கிக் குண்டுகளை அதன்வழியே அனுப்பினால், ஒவ்வொரு துளை வழியாகவும் வந்தவற்றைக் கூட்டினால் கணக்கு சரியாக இருக்கும். நீரலைகளோ சில இடங்களில் சேர்ந்து ஓங்கும், சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துவிடும். அடுத்து எலக்ட்ரான். இங்கே வீடியோவை நிறுத்தி, என்ன நடக்கும் என்று எழுதி வையுங்கள். எலக்ட்ரான்கள் குண்டுகளைப் போல முழுசு முழுசாகத்தான் வந்து விழுகின்றன. விழுந்த இடங்களைத் தொகுத்தாலோ அலையின் கோலம் தெரிகிறது! ஊகித்துவிட்டுப் பார்ப்பவருக்கே இதன் அதிர்ச்சி முழுதாகக் கிடைக்கும்.

5. புரியாத இடத்தின் நிமிடத்தைக் குறித்துக்கொண்டு மேலே செல்லுங்கள். முடிந்ததும் கேட்டதை வீட்டில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். தடுமாறும் பகுதியை மட்டும் திரும்பக் கேளுங்கள்.

6. கடைசியாக, இரண்டாவது உரை. கணிதம் அறியாதவர்களுக்கு இயற்கையின் ஆழ்ந்த அழகை உணர்த்துவது கடினம் என்று அதில் அவரே சொல்கிறார். மனம் தளராதீர்கள். சூரியனையும் அதை நோக்கி இழுக்கப்படும் கோளையும் இணைக்கும் கோடு சம காலத்தில் சம பரப்பைக் கடக்கும் என்பதை, அதே உரையில் முக்கோணங்களைக் கொண்டே நிறுவுகிறார். காகிதமும் ஸ்கேலும் எடுத்துக்கொண்டு கூடவே வரையுங்கள். வரைந்து முடித்தால், நியூட்டன் செய்த கணக்கொன்றை நீங்களும் செய்திருப்பீர்கள்.