கோடையில் முயல் இனவிருத்தியும் தழைத்தீவனத் துணையும்

விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை வட்டாரங்களில் முயல் வளர்ப்புக்குக் கடன் பெற்ற உறுப்பினர்களின் கணக்குகளைப் பார்வையிடுங்கால் ஒரே செய்தி திரும்பத் திரும்ப நம் கண்ணில் படுகின்றது. தை, மாசியில் நன்றாக ஈன்ற பெண் முயல்கள் ஆனி, ஆடியில் சினை பிடிப்பதில்லை. இரண்டு முறை இணைத்துப் பார்த்தும் பலனில்லையெனில், உறுப்பினர் அவற்றை மலடு என்று தீர்மானித்துக் கறிக்கு விற்றுவிடுகிறார். குட்டியுமில்லை, தாயுமில்லை, கடன் மட்டும் நிற்கிறது. பெரும்பாலும் குற்றம் பெண் முயலிடத்தன்று என்பதை விளக்கவே இப்பாடத்தை எழுதுகின்றோம்.

முயல் வியர்க்கும் பிராணியன்று. உடற்சூட்டை நீண்ட காதுகளின் இரத்தக் குழாய்கள் வாயிலாகவும் மூச்சின் வாயிலாகவுமே அது வெளியேற்றியாக வேண்டும். 15 முதல் 25 டிகிரி சென்டிகிரேடு வரை அதற்கு இதமான நிலை. 30 டிகிரியைத் தாண்டினால் தொல்லை. 35க்கு மேல் அபாயம். நம் மாவட்டத்திலோ சித்திரை, வைகாசியில் பகல் வெப்பம் 38, 40 என்று ஏறுவது புதிதன்று. நீலகிரியில் சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையமும், கொடைக்கானல் மலையில் மன்னவனூர் மத்திய ஆராய்ச்சி நிலையமும் முயலினங்களைப் பேணி வருவதற்கு மலையின் குளிர்ச்சி துணை நிற்கிறது. அத்தகைய குளிர்ந்த இடத்தில் பிறந்த கிடாவைக் கோடை நடுவில் சமவெளிக்குக் கொணர்வது முதலையே இழக்கும் வழி.

வெப்பம் மிகும்போது முயல் தீனியைக் குறைக்கிறது. செரிமானமே உடலில் சூட்டை உண்டாக்குமாதலால் இஃது இயற்கையின் தற்காப்பு. ஆனால் தீனி குறையவே புரதமும் ஜீவசத்துக்களும் குறைகின்றன, தாயின் பால் வற்றுகிறது, குட்டிகள் மெலிகின்றன. ஆண் முயலின் நிலை இன்னும் நுட்பமானது. வெப்பத்தால் உடலணுக்களில் பிராணவாயுவின் கேடான கூறுகள் பெருகி, விந்தணுவின் மெல்லிய கொழுப்புச் சவ்வைச் சிதைக்கின்றன. விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ 6, 7 வாரங்கள் ஆகின்றன. ஆகவே வைகாசி வெயிலின் கேடு ஆனி, ஆடியில்தான் வெளிப்படும். கிடா கொழுகொழுவென்றிருக்கும், தயங்காமல் இணையும். பெண் முயலோ சினை பிடியாது. பழி அதன் தலையில் விழுகின்றது!

மருந்தைத் தொடங்க வேண்டிய காலமும் இதிலிருந்தே புலப்படும். ஆனியில் விழித்துக்கொண்டு பயனில்லை. மாசி இறுதியிலேயே துணைத்தீவனம் தொடங்கிவிட வேண்டும்.

துணைத்தீவனங்களுள் நமக்கு முதன்மையானது முருங்கையிலை. உலர்ந்த இலையில் நூற்றுக்கு 25 பங்கு அளவில் புரதம் உண்டு. வைட்டமின் இ, கரோட்டின், சுண்ணாம்புச் சத்து ஆகியவையும் நிறைந்துள்ளன. மேற்கூறிய பிராணவாயுக் கேட்டைத் தடுக்கும் பொருள்களும் அதில் உள. எகிப்து, நைஜீரியா முதலிய வெப்ப நாடுகளில் முயல்களுக்கு முருங்கையிலை கொடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். நம் உறுப்பினருக்கோ அது வேலியோரத்துச் சரக்கு. 1989ஆம் ஆண்டில் பெரியகுளத்தில் வெளியிடப்பட்ட பி.கே.எம்.1 என்னும் செடிமுருங்கையைக் காய்க்காகப் பயிரிடுவோர், கவாத்து செய்யும்போது கழிக்கும் தழையை வீணாக்காமல் பயன்படுத்தலாம்.

இலையை நிழலில் உலர்த்துக. வெயிலில் காய்ந்தால் கரோட்டின் அழியும். ஏறத்தாழ 5 கிலோ பச்சையிலையிலிருந்து 1 கிலோ பொடி கிடைக்கும். கம்பு அல்லது மக்காச்சோளம், தவிடு, புண்ணாக்கு, பொட்டு, தாது உப்பு சேர்ந்த கலப்புத் தீவனம் நூறு பங்கில் 5 பங்கு பொடியில் தொடங்கி, இரண்டு வாரத்தில் 10 பங்கு வரை உயர்த்தலாம். அதற்கேற்பப் புண்ணாக்கைக் குறைத்துக்கொண்டால் செலவும் குறையும். விருதுநகர்ப் பருப்பு ஆலைகளின் துவரம்பொட்டும் உளுந்தம்பொட்டும் நார்ச்சத்துக்கு நல்லவை. கடலைப் புண்ணாக்கில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை தேவை. பூசணம் பிடித்த புண்ணாக்கிலுள்ள அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு முயலின் ஈரலை விரைவில் கெடுக்கும். மலிவாகக் கிடைக்கிறதென்று மூட்டையாக வாங்கி அடுக்காதீர்கள்.

பசுந்தழையாகக் கல்யாண முருங்கை, அகத்தி, வேலிமசால் ஆகியவை ஏற்றவை. அறுத்து, சில மணி நேரம் வாடவிட்டு, மாலையில் கொடுங்கள். முயல் இரவில்தான் விரும்பி மேயும். சூபாபுல் தழையில் மைமோசின் என்னும் நச்சுப்பொருள் உண்டு. மிகுதியானால் மயிர் உதிரும். பட்டாசு ஆலைகளையொட்டிய மரங்களின் தழையில் இரசாயனத் தூள் படிந்திருக்கக்கூடும். அதைத் தொடவே வேண்டாம்.

சிலர் குளிர்ச்சி என்று கருதி வேப்பிலை கொடுக்கின்றனர். எலிகளில் நடந்த ஆய்வுகள் வேம்பு ஆணின் இனவிருத்தித் திறனைக் குறைப்பதாகக் காட்டியுள்ளன. பப்பாளி விதையும் அத்தகையதே. அது முயல்களிலேயே ஆராயப்பட்டுள்ளது. கிடாவுக்கு இரண்டும் ஆகா.

தழை எதுவாயினும் தண்ணீருக்கும் நிழலுக்கும் ஈடன்று. பால் கொடுக்கும் தாய் கோடையில் நாளொன்றுக்கு ஒரு லிட்டர் வரை குடிக்கும். தண்ணீர் நண்பகலில் சூடேறாதிருக்க மண்கலத்தில் வைப்பது நன்று. பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் இவ்வட்டாரம் ஏற்றதாக அமைந்தது அதன் வறண்ட காற்றால். அவ்வறட்சி இங்கே நமக்கும் துணை: கொட்டிலைச் சுற்றி ஈரச்சாக்கு தொங்கவிட்டால், கடற்கரை ஊர்களைவிட இங்குக் காற்று நன்கு குளிரும். வெடிச் சோதனை நடக்கும் பக்கம் மட்டும் கொட்டில் அமைக்கலாகாது. திடீரென மிரண்ட தாய் குட்டிகளை மிதித்தே கொன்றுவிடும்.

நெசவாளர் சிலர் முயல் ரோமத்தைப் பற்றி வினவியுள்ளனர். ரோமம் தரும் அங்கோரா முயலுக்கு மலைக் குளிர் வேண்டும். நம் ஊரில் இறைச்சியினங்களே தக்கவை.

இனிச் சங்க நிர்வாகக் குழுவினருக்கு ஒரு வார்த்தை. முயலின் சினைக்காலம் 31 நாள் அளவே என்பதை மட்டும் கணக்கிட்டு, ஆண்டு முழுவதும் சமமான தவணை விதிப்பது பொருந்தாது. சித்திரை முதல் ஆவணி வரை தவணையைக் குறைத்து, ஐப்பசிக்குப்பின் உயர்த்தி வசூலிக்கலாம். கடன் பெற்றவர் ஒவ்வொருவரும் இணைத்த தேதி, கிடாவின் எண், ஈன்ற குட்டிகள் ஆகியவற்றைக் குறிக்கும் பதிவேடு வைத்திருத்தல் வேண்டும். ஒரே கிடாவோடு இணைத்த நாலைந்து பெண் முயல்களும் சினை பிடிக்கவில்லையென்று அதில் தெரிந்தால், விற்க வேண்டியது அப்பெண் முயல்களை அன்று. அக்கிடாவுக்கு இரண்டு மாதம் ஓய்வும் நிழலும் முருங்கைப் பொடியும் கொடுத்து, மறுபடி இணைத்துப் பார்க்க வேண்டும்.