கூட்டி வாருங்கள், கை கழுவுங்கள்

சென்னையில் என் மாமனாருக்கு இடுப்பெலும்பு ஆபரேஷன் நடந்தது. புண்ணில் 'மருந்துக்கு அடங்காத கிருமி' இருக்கிறதாம். வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கைக்குழந்தை இருக்கும் வீடு. கூட்டி வரலாமா?
- ஒரு வாசகி, பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்

தாராளமாகக் கூட்டி வாருங்கள், அம்மா. இந்தக் கிருமி பெரும்பாலும் கை வழியாகத்தான் பரவும். புண்ணைத் தொடும் முன்பும் பின்பும், குழந்தையைத் தூக்கும் முன்பும் சோப்புப் போட்டு இருபது விநாடி கழுவுங்கள். புண் மூடியே இருக்கட்டும். அவருக்குத் துண்டு தனி. பார்க்க வரும் உறவினருக்கும் இதே சட்டம்தான், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

ஒரு தறியின் டிசைன் அட்டையை அடுத்த தறியில் பூட்டினால் அதே பார்டர் விழுமில்லையா? கிருமிகளும் மருந்தை முறிக்கும் மரபணுவை இப்படித்தான் ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொள்கின்றன. அப்படிப்பட்ட ஒரு மரபணுவான என்டிஎம்-1 பற்றி 2010இல் லான்செட் குழும இதழில் வந்த கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. அதில் சென்னையிலிருந்து மட்டும் 44 மாதிரிகள். 2012இல் மருத்துவர்கள் கூடி 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டதும் இந்தக் கவலையில்தான்.

'அடங்காத' என்றால் எந்த மருந்துக்குமே அடங்காது என்று பொருளில்லை. எது கேட்கும், எது கேட்காது என்பது கல்ச்சர் ரிப்போர்ட்டில் இருக்கும். வீட்டில் மிஞ்சிய மாத்திரையைக் கொடுக்காதீர்கள், மருந்துக்கடையில் கேட்டும் வாங்காதீர்கள். காய்ச்சலோ சீழோ கண்டால் அன்றே டாக்டரிடம் போங்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது அந்த ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு வாங்கி, இனி எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதை நீட்டுங்கள்.