அடைக்கலப் பிள்ளையும் புரக்கும் உறவும்

உறவு பிறப்பினால் வருவது என்பர். அன்போ பழக்கத்தினால் வருவது. தாய்தந்தையரை இழந்த பிள்ளையொன்று சித்தி வீட்டிற்கோ மாமன் வீட்டிற்கோ வந்து சேரும்பொழுது இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு நன்கு புலனாகும். சித்தி என்னும் முறை முன்னரே உள்ளது. ஆயினும், பகலும் இரவும் உடனிருந்து வளர்க்கும் சித்தியாக அவளைப் பிள்ளையும், தன் பொறுப்பில் வளரும் மகவாகப் பிள்ளையை அவளும் இனிமேல்தான் அறிதல் வேண்டும். இக்கல்வி எவ்வாறு நிகழ்கின்றது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

திண்டிவனத்தில் வளர்ந்த எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை மனத்திற் கொள்வோம். தந்தையை முன்பே இழந்தவன். இப்பொழுது தாயையும் இழந்தான். கருமாதி முடிந்த மறுநாள், விழுப்புரத்திலுள்ள சித்தி அவனை அழைத்துக்கொண்டு புகைவண்டி ஏறுகின்றாள். மயிலம், விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என நிலையங்கள் கழிகின்றன. பெரியோர்க்கு இது ஒரு மணிக்கும் குறைந்த பயணம். சிறுவனுக்கோ தாயோடு வீடும், தெருவும், பள்ளியும், உடன் விளையாடியோரும் ஒருங்கே நீங்கிய நாள் இது. அவன் பையில் மடித்து வைத்திருப்பது தாயின் பழஞ்சேலை ஒன்று. அதனைத் துவைக்க எடுத்தால் மட்டும் அழுகின்றான், மற்றபடி அழுவதில்லை. மாலையில் தெருப்பிள்ளைகளோடு கூடிச் சிரித்து விளையாடுகின்றான். “பிள்ளைதானே, மறந்துவிட்டான்” என்று அண்டை வீட்டார் கூறுகின்றனர்.

அவன் மறக்கவில்லை. பெரியோரின் துயரம் ஆறுபோல இடையறாது ஓடும். சிறாரின் துயரமோ மழைக்காலத்துப் பள்ளம் போன்றது. ஓடிவரும் பிள்ளை அதனுட் கால் வைக்கும், உடனே வெளியே பாயும், பின்னும் ஒருநாள் அதனுள்ளே விழும். இரண்டாம் உலகப் போரினால் வீடிழந்த குழந்தைகளைக் குறித்து உலக சுகாதார நிறுவனத்திற்காக ஜான் பௌல்பி என்னும் ஆங்கில மருத்துவர் 1951-ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை எழுதினார். அவரும் அவருடன் உழைத்த ஜேம்ஸ் ராபர்ட்சனும் தாயைப் பிரிந்த இளங்குழந்தைகளிடம் மூன்று நிலைகளைக் கண்டனர். குழந்தை முதலில் கதறி முறையிடும். அடுத்து நம்பிக்கை இழந்து ஒடுங்கும். இறுதியில் எதிலும் பற்றில்லாதது போல அமைதியுறும். இம்மூன்றாம் நிலையையே பார்ப்போர் நலம் பெற்றதாகப் பிழைபடக் கொள்கின்றனர். நம் சிறுவனின் சிரிப்பையும் அவ்வாறே அண்டையார் கொண்டனர்.

இதனினும் பெரிய பிழை நம் வாய்ச்சொற்களில் உண்டு. “அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள்” என்கிறோம். அதனைக் கேட்ட பிள்ளை, சித்தி கடைத்தெருவிற்குப் புறப்பட்டாலும் வாயிலை மறித்து நிற்கின்றது. “தூங்குகிறாள்” என்கிறோம், பிள்ளை தூங்க அஞ்சுகின்றது. “ஆண்பிள்ளை அழலாமா?” என்கிறோம்; அழுகை உள்ளே சென்று, இரவிற் பாய் நனைகின்றது. இவற்றிற்கெல்லாம் மேலாக, “பெற்றவளை விழுங்கிய பிள்ளை” என்னும் கொடுஞ்சொல் இன்னும் சில வீடுகளில் ஒலிக்கின்றது. தான் செய்த குறும்பினால்தான் தாய் இறந்தாளோ என்று தனக்குள்ளே முன்னரே அஞ்சிக் கிடக்கும் நெஞ்சிற்கு அச்சொல் தீர்ப்பாக அமைந்துவிடுகின்றது. இறந்தவர் இறந்தார், இனி வாரார், அது உன்னால் நேர்ந்ததன்று என்னும் மூன்றையும் மெய்யாகவும் மென்மையாகவும் உரைத்தலே பிள்ளைக்குச் செய்யும் முதல் உதவியாம்.

இனிச் சித்தியின் பக்கத்தை நோக்குவோம். அவள் இழந்தது யாரை? உடன்பிறந்த அக்காளை. பிள்ளையின் முகத்தில் அக்காளின் சாயலைக் காணுந்தோறும் அவளுக்குத் தொண்டை அடைக்கின்றது. அதனைப் பிள்ளை காணலாகாதென்று அடுக்களையிற் சென்று அழுகின்றாள். பிள்ளையோ, தான் அழுதால் சித்தி வருந்துவாள் என்று சேலையில் முகம் புதைக்கின்றது. ஒரே துயரம் ஒரே கூரையின்கீழ் இரண்டு மூலைகளில் ஒளிந்து வாழ்கின்றது. “என்னை அம்மா என்று கூப்பிடு” என்று ஒருநாள் அவள் கேட்கின்றாள். பிள்ளை வாய் திறப்பதில்லை. நன்றியில்லாதவன் என்று அவள் உள்ளம் நோகின்றது. உண்மையில் அவன் மறுத்தது சித்தியை அன்று; தாயின் பெயரைப் பிறர்க்குத் தருவதையே மறுத்தான்.

இத்தகைய இருவர் எவ்வாறு ஒன்றுபடுவர்? விடை காண நாம் நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. விழுப்புரத்திலிருந்து காட்பாடி செல்லும் இருப்புப்பாதையில் திருக்கோவலூர் உள்ளது. 1993 முதல் 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்து, இப்பொழுது கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்த ஊர் இது. இங்கே பெண்ணையாற்றின் நடுவே ஒரு பாறை உண்டு. கபிலர் குன்று என மக்கள் அதனைக் காட்டுவர். அடைக்கலப் பிள்ளைகளைப் புரந்த ஒருவரின் வரலாறு அப்பாறையோடு தொடர்புற்றது.

பறம்பு மலைக்குரிய வேள் பாரியை மூவேந்தரும் முற்றினர், அவன் மாண்டான். அவன் மகளிர் இருவரும் தந்தையையும் மலையையும் ஒருங்கே இழந்தனர். பிற்கால வழக்கு அவர்களை அங்கவை, சங்கவை என்று பெயரிட்டழைக்கும். அவர்களை அழைத்துச் சென்றவர் பாரியின் உயிர்த்தோழராகிய கபிலர். குருதியால் உறவினர் அல்லரேனும், நட்பினால் தந்தை முறையில் நின்றவர். விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் சென்று இவர்களை மணங்கொள்ள வேண்டினார் என்பதற்குப் புறநானூற்றுப் பாடல்களே சான்று.

அந்நூலில் ஈண்டு நாம் கருதத்தக்கன இரண்டு. முதலாவது, 112-ஆம் பாட்டு அம்மகளிரே பாடியதாக உள்ளது. சென்ற திங்களில் தந்தையும் மலையும் தமக்கு இருந்தமையையும், இத்திங்களில் இரண்டும் இல்லாமையையும் ஐந்தே அடிகளில் அவர்கள் சொல்லிவிடுகின்றனர். தம் துயரைத் தம் வாயாலே சொல்ல அவர்களுக்கு இடம் இருந்தது என்பதை இதனால் அறிகின்றோம். இரண்டாவது, அடுத்த பாட்டில் கபிலர் கண்ணீரோடு பறம்பு மலையினிடம் விடைபெறுகின்றார். பாரியை மறந்துவிடுங்கள் என்று அவர் மகளிர்க்குக் கூறியதாக எங்கும் காணோம். அவரே பாரியைப் பாடிக்கொண்டு நடந்தார். புரப்போரும் புரக்கப்படுவோரும் ஒருவரையே நினைந்து அழுதனர். அவர்களிடையே இருந்த பாலம் அந்நினைவே ஆகும்.

இக்கால ஆராய்ச்சியும் இதற்கு அரண் செய்கின்றது. இறந்தோரை மறத்தலே துயர் நீங்கும் வழி என்று முன்னர்க் கருதினர். 1996-ஆம் ஆண்டில் டென்னிஸ் கிளாஸ், பில்லிஸ் சில்வர்மன், ஸ்டீவன் நிக்மன் ஆகியோர் தொகுத்த நூலொன்று இக்கருத்தை மறுத்து, இறந்தவரோடு உள்ளத்தில் உறவு பேணுதல் இயல்பே என்று காட்டிற்று. தாயின் நினைவு நிற்கும் வீட்டில்தான் பிள்ளையின் உள்ளம் சித்திக்கும் இடந்தரும்.

கபிலர் வரலாற்றில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. மகளிரைப் பார்ப்பாரிடம் ஒப்புவித்தபின் அவர் வடக்கிருந்தார் என்று புறநானூற்றுக் குறிப்புக் கூறுகின்றது. அடைக்கலமாக வந்த பெண்ணை மலையனுக்கு அளித்துவிட்டுப் பெண்ணையாற்றுப் பாறையில் தீப்புகுந்தார் என்று திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலிலுள்ள இராசராசன் காலத்துக் கல்வெட்டுக் கூறுகின்றது. எவ்வாறாயினும், பிள்ளைகளின் துயருக்குத் துணைநின்ற அவர், தம் துயரைத் தனியே சுமந்து அதனோடு முடிந்தார். அக்காலத்தார் அதனை நட்பின் பெருமையாகப் போற்றினர். நாம் அதனினின்று வேறொரு பாடம் கற்றல் வேண்டும். காப்போரையும் காப்பார் ஒருவர் வேண்டும். இல்லையேல், ஒருமுறை இழந்த பிள்ளை மறுமுறையும் இழக்க நேரும்.

பொருளுதவி இதில் ஒரு பகுதி. கொரோனா நோயால் பெற்றோர் இருவரையும் இழந்து உறவினரிடம் வளரும் பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயது வரை திங்கள்தோறும் 3,000 ரூபாய் வழங்கப்படும் என்று தமிழ்நாடு அரசு 2021-இல் அறிவித்தது. பெற்றோரை இழந்த வறிய பிள்ளைகளுக்குத் திங்கள்தோறும் 2,000 ரூபாய் வழங்கும் ‘அன்புக் கரங்கள்’ திட்டம் 2025 செப்டம்பரில் தொடங்கிற்று. ஆயின், பகலெல்லாம் உழைத்து இரவிற் பிள்ளையோடு விழித்திருக்கும் சித்திக்கு, “நீ சிறிது உறங்கு, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லும் கணவனும் மாமியாரும் அண்டையாரும் வேண்டும். அவள் தன் அக்காளைப் பற்றிப் பேச ஒரு செவியும் வேண்டும்.

மீண்டும் அவ்வீட்டிற்கு வருவோம். ஒருநாள் சித்தி பிள்ளையின் தலைக்கு எண்ணெய் தேய்க்கின்றாள். தன்னையறியாது, “உங்கம்மா சின்ன வயசுல எண்ணெய்னாலே கெணத்தடிக்கு ஓடிடுவா, கண்ணு” என்கிறாள். சொல்லும்போதே கண் கலங்குகின்றாள். இம்முறை அவள் அடுக்களைக்கு ஓடவில்லை. பிள்ளை திரும்பிப் பார்த்து, “அப்புறம் என்ன பண்ணுவாங்க, சித்தி?” என்று கேட்கின்றான். அன்று இருவரும் அழுகின்றனர். நடுவே சிரிக்கவும் செய்கின்றனர். அதன்பின் சேலையைத் துவைக்க அவள் கேட்பதில்லை. வெளியே சென்றால் திரும்பும் நேரத்தைச் சொல்லிச் செல்கின்றாள். சொன்ன நேரத்திற்கு வருகின்றாள். ஆண்டுத் திதியில் விளக்கேற்றும் பணியை அவனிடமே தருகின்றாள். கிறித்தவ இல்லமாயின் கல்லறைத் திருநாளில் மெழுகுதிரி ஏற்றுவது அவன் பணியாகும். அவன் அவளைச் சித்தி என்றே அழைக்கின்றான். அச்சொல்லிலேயே அவள் விரும்பியது அனைத்தும் நாளடைவில் வந்து தங்கிவிடுகின்றது.

மாணவ நண்பர்களே! நம்முள் ஆசிரியராகப் போகின்றவர் பலர். வகுப்பிற் கடைசி வரிசையில் அமைதியாக அமர்ந்திருக்கும் பிள்ளை நலமாக உள்ளது என்று விரைந்து முடிவு செய்யற்க. அதன் தாயின் பெயரைக் கேட்டறியுங்கள். ஒருமுறையேனும் அப்பெயரை அன்போடு சொல்லுங்கள். அப்பிள்ளையை அழைத்துவந்து பள்ளி வாயிலில் நிற்கும் உறவினரிடமும், “நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?” என்று ஒரு சொல் கேளுங்கள். கபிலரிடம் அதனைக் கேட்டார் யாரும் இருந்ததாக நூல்களிற் காணோம்.