உதட்டருகே ஒரு விரல்

கேள்வி: மௌனம் போன்ற அருவக் கருத்தை ஓவியர்கள் மனித உருவமாக வரைவது எவ்வாறு?

பதில்: கருத்துக்கு மனித வடிவம் தரும் உருவக மரபில், நீதிக்குத் தராசும் வாளும் போல, கையிலுள்ள பொருளே பெரும்பாலும் அடையாளமாக அமைகிறது. ஆனால் புறக்காட்சியை விடுத்து அகநிலையைச் சுட்ட விரும்பிய 19-ஆம் நூற்றாண்டுக் குறியீட்டியல் ஓவியர்கள் சிலர் அத்தகைய பொருள்களைக் குறைத்துக்கொண்டனர். பெல்ஜிய ஓவியர் ஃபெர்னான் க்னோப்ஃப் (1858–1921) 1890-இல் வரைந்த ‘மௌனம்’ இதற்குத் தக்க சான்று. தம் தங்கை மார்கெரித்தை மாதிரியாகக் கொண்டு அவர் அமைத்த பெண், கையுறை அணிந்த விரலை உதட்டருகே உயர்த்தி நிற்கிறாள். கதை நிகழ்வு ஏதுமில்லை. நிறத்தூளையும் சுண்ணத்தூளையும் சிறிது பசையுடன் பிசைந்து உருட்டிய பாஸ்டல் குச்சியால் தீட்டப்பட்டதால், எண்ணெய் வண்ணத்தின் பளபளப்பு இன்றி உருவம் சற்றே மங்கித் தோன்றுகிறது. விரலைக் காட்டிலும் இந்த மங்கலே மௌனத்தை மிகுதியாக உணர்த்துகிறது எனலாம். ஓவியம் பிரஸ்ஸல்ஸிலுள்ள அரச நுண்கலை அருங்காட்சியகத்திற்கு உரியது.