கொலுப்படி செய்யலாம், கையும் மூச்சும் பத்திரம்!

நவராத்திரி நெருங்கினால் நம்மவர் வீட்டுக் கராஜ்களில் ரம்பச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். ஊரில் என்றால் ஆசாரியிடம் அளவைச் சொல்லிவிட்டு வந்தால் போதும். இங்கே ஆசாரியும் நாமே, எடுபிடியும் நாமே!

சில ஆண்டுகளுக்கு முன் நாங்களும் பேஸ்மென்டில் ஏழு படி செய்தோம். இரண்டு வாரம் மாலை நேரங்களில் எம்.டி.எஃப். பலகையை அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். ஆஸ்துமா உள்ள எங்கள் பையன் இரவெல்லாம் இருமினான். மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டில் ஏதாவது மரவேலை நடக்கிறதா?" வீடு திரும்பி ஹீட்டரின் ஃபில்டரை உருவிப் பார்த்தோம். அப்பம் போல் தூள் அப்பியிருந்தது. பேஸ்மென்ட் தூளை ஹீட்டர் இழுத்து ஒவ்வோர் அறைக்கும் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது! அன்று தொடங்கி நாங்கள் தெரிந்துகொண்டவற்றை இங்கே தருகிறோம்.

மூச்சு

கண்ணுக்குத் தெரியும் மரத்தூள் தரையில் விழுந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூள்தான் காற்றில் நெடுநேரம் மிதந்து நுரையீரல் வரை போகிறது. பல ஆண்டுகள் மரத்தூளைச் சுவாசிக்கும் தொழிலாளர்களுக்கு மூக்குப் பகுதியில் புற்றுநோய் வரக்கூடும் என்பதால், உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995-இல் மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. ஆண்டுக்கு ஒருமுறை படி செய்பவர்கள் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் ஆஸ்துமா, ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஒரு நாள் தூளே போதும். வெஸ்டர்ன் ரெட் சீடர் மரத்தூள் ஆஸ்துமாவையே உண்டாக்கக்கூடியது. தேக்குத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பைத் தரும்.

என்ன செய்யலாம்?

1. பெரிய பலகையைக் கடையிலேயே அளவு கொடுத்து அறுத்து வாங்குங்கள். பல கடைகளில் இந்த வசதி உண்டு. தூளும் குறையும், ஆபத்தும் குறையும்.
2. மீதி வேலையை வெளியிலோ, கதவு திறந்த கராஜிலோ செய்யுங்கள். பேஸ்மென்ட்தான் இடம் என்றால் அந்நேரம் ஹீட்டரை நிறுத்திவையுங்கள்.
3. என்95 முகமூடி அணியுங்கள். தாடி இருந்தால் அது முகத்தில் ஒட்டி நிற்காது. பெயின்ட், தின்னர் ஆவியை இந்த முகமூடி தடுக்காது. அதற்கு ஆவியை உறிஞ்சும் கார்ட்ரிட்ஜ் பொருத்திய முகமூடி வேண்டும்.
4. துடைப்பத்தால் பெருக்காதீர்கள், தூள் மறுபடி எழும்பும். ஹெப்பா ஃபில்டர் உள்ள வாக்குவம் அல்லது ஈரத்துணி நல்லது. வேலை செய்த உடுப்போடு குழந்தையைத் தூக்க வேண்டாம்.

கை

பலருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு: கையுறை போட்டால் பாதுகாப்பு என்று. சுழலும் ரம்பத்தின் அருகே கையுறை ஆபத்து. நூல் சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். மோதிரம், தொங்கும் செயின், துப்பட்டா, முந்தானை, தொளதொள சட்டைக் கை எதுவும் வேண்டாம்.

டேபிள் ரம்பத்தில் அறுக்கும்போது பலகை சில சமயம் நம்மை நோக்கிப் பாய்ந்து வரும். அதனால் ரம்பத்துக்கு நேர் பின்னால் நிற்காமல் சற்றுத் தள்ளி நில்லுங்கள். ரம்பத்துக்குப் பின்னால் உள்ள பிளவுத் தகட்டையும் மேல் மூடியையும் கழற்றி வைக்காதீர்கள். பல் பலகைக்கு மேல் கால் அங்குலம் தெரிந்தால் போதும். கடைசிப் பகுதியைக் கையால் தள்ளாமல் தள்ளுகட்டையால் தள்ளுங்கள். ரம்பத்தை மாற்றும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். உளி வேலையில் பலகையைக் கிளாம்ப் போட்டு இறுக்கி, இரண்டு கைகளையும் உளி முனைக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். மழுங்கிய உளிதான் அதிகம் வழுக்கும், தீட்டி வையுங்கள்.

கண்ணும் காதும்

சாதாரண மூக்குக்கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது. பக்கவாட்டிலும் மறைப்பு உள்ளதை வாங்குங்கள். ஒலியைப் பொறுத்தவரை, 85 டெசிபெல் சத்தத்தை ஒரு நாளில் 8 மணி நேரம் தாங்கலாம் என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனத்தின் வரம்பு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபெல் என்றால் 15 நிமிடம்தான்! பல மின் ரம்பங்கள் இந்த அளவை எட்டும். எனவே காதடைப்பான் கட்டாயம். இழந்த செவிப்புலன் திரும்பாது.

எண்ணெய்த் துணி

படிக்கு ஆளிவிதை எண்ணெய் பூசிய துணியைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். எண்ணெய் உலரும்போது சூடு பிறந்து தானாகவே தீப்பிடிக்கும். வெளியே தனித்தனியாக விரித்துக் காயவையுங்கள்.

விபத்து நேர்ந்தால்

காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். விரல் துண்டானால் உடனே 911. துண்டை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். நேரடியாக ஐஸில் வைக்கக் கூடாது. அழுக்கான காயமாக இருந்து, டெட்டனஸ் ஊசி போட்டு 5 ஆண்டுகள் ஆகியிருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. அலுவலகம் முடிந்து களைப்போடு, நாளை கொலு என்ற அவசரத்தில் இரவு பதினொரு மணிக்கு ரம்பத்தைத் தொடாதீர்கள். படி கொஞ்சம் கோணலாக வந்தால் மேலே வெள்ளை வேட்டி விரித்து மறைத்துவிடலாம். விரலுக்கு அப்படி ஒரு வேட்டி கிடையாது.