குறைமாதக் குழந்தையும் பெற்றோரின் பங்கும்

ஏழாம் மாதத்தில் பிறந்த பிள்ளை பிழைத்துக்கொள்ளும், எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். ஊரை விட்டு வந்து கேரளத்தில் எத்தனையோ ஆண்டுகள் ஆன பின்னும் இந்தப் பேச்சு மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை. பொன்முடி மலையடிவாரத்தில் உள்ள வித்துராவில், தோட்ட வேலைக்கு வந்து நிலைத்த ஒரு தமிழ்க் குடும்பத்தை நான் அறிவேன். அங்கே மருமகளுக்கு 32 வாரத்தில் பெண் குழந்தை பிறந்தது. எடை 1 கிலோ 400 கிராம். குழந்தையை நெடுமங்காடு வழியாகத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுசென்றார்கள். "எட்டாம் மாசமாச்சே" என்று பாட்டி விடிய விடிய அழுதார்.

இந்த நம்பிக்கை தவறு. தாயின் வயிற்றில் குழந்தை கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் அதற்கு நன்மையே. எட்டாம் மாதத்துக் குழந்தைக்கு ஏழாம் மாதத்துக் குழந்தையைவிடப் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். 37 வாரம் நிறையும் முன் பிறப்பவை எல்லாமே குறைமாதக் குழந்தைகள்தாம். 28 வாரத்துக்கு முன் பிறப்பவற்றுக்கே ஆபத்து மிக அதிகம்.

முதல் சிக்கல் மூச்சு. நுரையீரலின் சிறு காற்றறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழவழப்பான ஒரு பொருள், கடைசி வாரங்களில்தான் போதிய அளவு சுரக்கிறது. 1963ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் கென்னடிக்கு ஐந்தரை வாரம் முன்னதாக ஓர் ஆண் குழந்தை பிறந்தது. எடை இரண்டு கிலோவுக்கும் மேல். ஆயினும் இந்தப் பொருள் போதாமல் 39 மணி நேரத்தில் இறந்துபோனது. அதிபரின் பிள்ளைக்கும் அன்று வழியில்லை. இன்று அந்த மருந்தையே குழந்தையின் மூச்சுக்குழாயில் செலுத்துகிறார்கள். பிரசவத்துக்கு முன்பே தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் விரைவில் முதிரும் என்பதை நியூசிலாந்து மருத்துவர்கள் லிகின்ஸ், ஹவீ இருவரும் 1972இல் வெளியிட்டனர். ஆனால் ஊசி வேலை செய்யச் சற்று நேரம் வேண்டும். ஆகவே மாதம் நிறையும் முன் வலி கண்டாலோ, நீர் உடைந்தாலோ, சூட்டு வலி என்று சீரகக் கஷாயம் கொடுத்துக் காத்திராமல் உடனே புறப்பட வேண்டும். மலைப்பகுதியில் இருப்பவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

இனி தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வருவோம். கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கை அளவு பிள்ளை, மூக்கில் குழாய், காலில் சிவப்பு விளக்கு, ஓயாமல் கூவும் மணிகள். பெற்றவளுக்கு முதலில் தோன்றுவது, இங்கே எனக்கு என்ன வேலை என்பதுதான். டாக்டரும் நர்சும் பார்த்துக்கொள்வார்கள், நாம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்போம் என்று குடும்பமே ஒதுங்கிவிடுகிறது. எனக்குத் தெரிந்தவரை, நம்மவர்கள் செய்யும் பெரிய தவறு இதுவே.

கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் 1978 வாக்கில் இன்குபேட்டர் பற்றாக்குறை. டாக்டர் எட்கர் ரே என்பவர், எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் மார்போடு, தோலோடு தோல் படும்படி கட்டிவைக்கச் செய்தார். கங்காரு தன் குட்டியைச் சுமப்பது போன்றதால் அந்தப் பெயரே நிலைத்தது. நெடுநாள் இதை ஏழை நாட்டு மாற்று வழி என்றே பலர் எண்ணினர். குழந்தையின் உடல்நிலை சீரான பிறகே செய்யவும் அனுமதித்தனர். பின்னர் இந்தியாவிலும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளிலும் ஐந்து மருத்துவமனைகளில் ஓர் ஆய்வு நடந்தது. தில்லி சப்தர்ஜங் மருத்துவமனை அவற்றுள் ஒன்று. ஒரு கிலோ முதல் 1 கிலோ 799 கிராம் வரை எடையுள்ள 3,211 குழந்தைகள் அதில் சேர்க்கப்பட்டனர். 2021இல் முடிவு வெளியாயிற்று. சீரான பின் தொடங்கிய குழந்தைகளில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 15.7, பிறந்தவுடனேயே மார்பில் சேர்க்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 12. வேறுபாடு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். 2022இல் உலக சுகாதார நிறுவனம், குறைமாதக் குழந்தைகளுக்கு இதை இயன்ற அளவு விரைவாகத் தொடங்க வேண்டும் என்றும், நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை செய்யலாம் என்றும் பரிந்துரைத்தது. மூச்சு விடவே முடியாத நிலையிலும் அதிர்ச்சி நிலையிலும் உள்ள குழந்தைகளுக்கு மட்டும் டாக்டர் பொறுக்கச் சொல்வார்.

செய்யும் முறை எளிது. தொப்பி, காலுறை, இடுப்புத் துணி தவிர வேறு உடை வேண்டாம். குழந்தையை நிமிர்ந்த நிலையில் மார்புகளுக்கு நடுவே வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, தவளைபோல் கால்களை மடக்கி, துணியால் சுற்றிக் கட்ட வேண்டும். மூக்கு அழுந்தவே கூடாது. எடுத்து எடுத்து வைப்பது குழந்தைக்குக் களைப்பு. ஒரு தடவைக்கு ஒரு மணி நேரமாவது இருக்கட்டும். முன்பக்கம் திறக்கும் நைட்டி இதற்குச் சௌகரியம்.

எட்டு மணி நேரம் ஒருத்தியால் எப்படி முடியும்? சொந்த ஊரில் என்றால் அம்மா, சித்தி, அத்தை என்று ஆள் உண்டு. இங்கே கணவன் வேலைக்குப் போக வேண்டும், மூத்த பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும். வித்துராக் குடும்பத்திலும் இதே பாடுதான். மேற்சொன்ன ஆய்விலேயே தாய்க்குப் பதிலாக உறவினர் ஒருவர் முறை வைத்துக்கொள்ள இடம் இருந்தது. தகப்பனாரின் மார்பிலும் அதே சூடு உண்டு. அந்தப் பாட்டியும் பின்னர் முறை எடுத்துக்கொண்டார். கட்டியிருந்த குழந்தை மார்பில் மூச்சு விடுவதை உணர்ந்த அன்றுதான் அவர் அழுகை நின்றது. நம் சங்க உறுப்பினர்கள் சாப்பாடு கொடுத்தனுப்பினாலோ, மூத்த பிள்ளையை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டாலோ, அந்த நேரம் முழுதும் குழந்தைக்கே போய்ச் சேரும்.

அடுத்தது பால். குறைமாதத்தில் பெற்ற தாயின் பாலில் புரதம் கூடுதல்; குடல் அழுகும் கொடிய நோயிலிருந்தும் அது காக்கிறது. உறிஞ்சி, விழுங்கி, மூச்சும் விடும் திறமை 34 வாரம் வாக்கில்தான் குழந்தைக்குக் கைவருகிறது. அதுவரை குழாய் வழியாகவும், பிறகு பாலாடையிலும் கொடுப்பார்கள். ஆம், நம் பாட்டிமார் வைத்திருந்த அதே பாலாடைதான்! பிறந்த சில மணி நேரத்திலேயே பாலைப் பீய்ச்சத் தொடங்கி, இரவு உட்பட நாளுக்கு எட்டு முறையாவது எடுக்க வேண்டும். முதல் நாளில் சில சொட்டுகளே வந்தாலும் அதைக் கொடுக்க வேண்டும். சேனை வைப்பது, தேன், சர்க்கரைத் தண்ணீர், பசும்பால் எதுவும் கூடாது.

மூன்றாவது, குரல். 2014இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், தீவிர சிகிச்சைப் பிரிவில் பெரியவர்களின் பேச்சை அதிகம் கேட்ட குறைமாதக் குழந்தைகள் பின்னாளில் மொழித் தேர்வில் கூடுதல் மதிப்பெண் பெற்றனர். அந்த அறையில் டாக்டர் மலையாளத்தில் பேசுவார், கருவி கூவும். தமிழ் காதில் விழ வேண்டுமானால் நாம்தான் பேச வேண்டும். மெல்லிய குரல் போதும். கைப்பேசியைக் காதருகே வைத்துப் பாட்டுப் போட வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பின் கண் பரிசோதனையை மறக்கக் கூடாது. 34 வாரத்துக்கு முன் அல்லது இரண்டு கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைகளின் விழித்திரையைப் பிறந்து நான்கு வாரத்துக்குள் பார்த்தாக வேண்டும். மிகச் சிறியவர்களுக்கு இன்னும் முன்பே. தாமதித்தால் பார்வையே போகலாம். தடுப்பூசிகள் பிறந்த தேதிக் கணக்கிலேயே போடப்படும். ஆனால் தலை நிற்பது, உட்காருவது, நடப்பது ஆகியவற்றை, பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ண வேண்டும். இரண்டு மாதம் முன்னால் பிறந்த குழந்தை எட்டு மாதத்தில் ஆறு மாதக் குழந்தை செய்வதைச் செய்தால் அது சரியே. பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டு மருமகளை நோகடிக்காதீர்கள். ஐயம் இருந்தால், திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1987 முதல் இயங்கும் குழந்தை வளர்ச்சி மையம் உண்டு. அங்கே உருவான பதினேழு வரி அட்டவணையில் குழந்தையின் வயதுக்கு நேராக ஒரு பென்சிலை நிறுத்தி வைத்தால் போதும். அதற்கு இடப்பக்கம் முழுதும் அடங்கியவற்றைக் குழந்தை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். செய்யாதது இருந்தால் டாக்டரிடம் காட்டலாம்.

கேரள வழக்கப்படி 28ஆம் நாள் நூல் கட்டுவதை வித்துராவில் நம்மவர்களும் செய்கிறார்கள். அந்தக் குழந்தை அன்று இன்னும் மருத்துவமனையில்தான் இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு பாட்டியே ஒரு நாள் பார்த்துக் கட்டிவிட்டார்.